ஐயாயிரத்து ஐந்நூறாவது நாள்

உலகம் எந்த நாளில் அழியும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தவன் நான். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூன்றும் பிழையாகப் போயின. நீங்கள் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்பதே போதும், நான் வேறு அத்தாட்சி காட்டத் தேவையில்லை.

எங்கள் சபை விசுவமடுவில் இருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ரோட்டில் இருந்தது. தகரக் கூரை, அரைச்சுவர், மண் நிரப்பி மேலே சீமெந்து பூசிய நிலம். கோயில் என்றால் கோயில் இல்லை, சேர்ச் என்றால் அதுவும் இல்லை. படம் இல்லை, சிலை இல்லை. ஒரு குத்துவிளக்கும் ஒரு சுவர் மணிக்கூடும் மட்டும்தான். உலகம் முடிவதை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் மணிக்கூடு அவசியம்தானே. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாற்பது ஐம்பது பேர் பாயில் இருந்து தியானம் பண்ணுவோம், பிறகு தேநீர் குடிப்போம், பிறகு மழையைப் பற்றியும் யானையைப் பற்றியும் கதைத்துவிட்டுக் கலைவோம்.

சபைத் தலைவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர், சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். உலகத்தின் முடிவை அறிவித்த அடுத்த நாள் காலையிலும் கடையைத் திறந்து ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். "அழியப்போற உலகத்துக்கு ஏன் ஐயா உந்த ஒட்டு?" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டதற்கு, "அதுவரைக்கும் உருள வேணுமெல்லோ, தம்பி" என்றார். யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் கள்ளன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நேர்மையான மனிதர் பிழையான நாள் சொன்னால் அவரை என்ன செய்வது?

ஐயாவுக்கு அந்தக் குரல் கேட்டது, சண்டை முடிகிற காலத்தில், கடைசி இடப்பெயர்வின்போது. கடற்கரைப் பக்கம் மணலில் கிடங்கு கிண்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அந்தப் பங்கருக்குள் கிடந்த காலம். ஒரு நாள் பக்கத்துப் பங்கரடியில் ஒரு தாய் குழறி அழுதுகொண்டிருந்தாளாம். அழுகை சட்டென்று நின்றதாம். அந்த அமைதிக்குள் குரல் வந்ததாம்: இன்றிலிருந்து ஐயாயிரத்து ஐந்நூறாவது நாள் எல்லாம் முடியும்.

எண் நல்ல திடமான எண். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. 'இன்று' என்பது எந்த நாள் என்பதுதான் ஐயா உட்பட ஒருவருக்கும் தெரியாது.

வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். சுவரில் நாள் கலண்டர் தொங்கவிட்டு, விடிந்தால் முதல் வேலையாகத் தாள் கிழித்து, நல்ல நேரம் பார்க்கும் சனம் நாங்கள். ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று உழவு மெசின் பெட்டியில் நெல்மூட்டை ஏற்றினோம், சட்டி பானை ஏற்றினோம், கூரைத் தகரத்தைக் கூடக் கழற்றி ஏற்றினோம். கலண்டரை ஒருவரும் கழற்றவில்லை. முதல் ஒரு கிழமை விரலில் நாள் எண்ணினோம். பிறகு, இன்று புதனா வியாழனா என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். எங்களுக்குக் கிழமைகள் போய் இடங்கள் வந்தன. புளியமரத்தடியில் இருந்த காலம், உப்புவெளியில் இருந்த காலம், கடற்கரையில் இருந்த காலம், அவ்வளவுதான். முடிவு நாள் சொன்ன கூட்டங்கள் உலகத்தில் எத்தனையோ இருந்திருக்கும். தொடங்கின நாளைத் தொலைத்த கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் இதற்குள் எப்படி மாட்டினேன்? முன்பு கூட்டுறவுச் சங்கக் கிளை ஒன்றில் மனேச்சராக இருந்தவன். இப்போது இரண்டு ஏக்கர் வயல். கணக்கு என் கைப்பழக்கம், பஞ்சாங்கம் பார்ப்பது என் அப்பரின் பழக்கம். ஆனால் சபைக்கு முதலில் போனவள் என் மனைவி.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயது. அதே கடற்கரையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். எந்த நாள் என்று தெரியாது. இறப்புப் பத்திரத்தில் ஒரு திகதி இருக்கிறது. அது நான் சொன்னது. முகாமில் படிவம் நிரப்பியபோது திகதி இல்லாமல் அலுவல் நடக்காது என்று தெரிந்தது. மாதத்தின் பதினைந்தாம் நாளைச் சொன்னேன். நடுவில் இருக்கட்டும், முன்னே பின்னே போனாலும் வித்தியாசம் பெரிதாக வராது என்று நினைத்தேன். மனேச்சர் மூளை!

என் மனைவி அந்த நாளை ஒரு வருஷம்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. "அது நீங்கள் சொன்ன நாள். அவ போன நாள் இல்லை" என்பாள். சொந்தக்காரர்கள், நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் திதி செய்யலாம் என்றார்கள். "எல்லாரோடையும் சேத்து ஏன்? அவவுக்கெண்டு ஒரு நாள் இல்லையோ?" என்று கேட்டாள். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு விளக்கு வைக்க ஒரு நாள் இல்லாமல் இருந்தது.

அந்த நாளைப் பற்றி ஊருக்கு நான் சொல்லி வைத்திருந்த கதை ஒன்று உண்டு. என் கையாலேயே கிடங்கு வெட்டி, என் கையாலேயே பிள்ளையைப் புதைத்தேன் என்பது. இப்போதைக்கு அந்தக் கதை அப்படியே இருக்கட்டும்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போன இடத்தில் என் மனைவி ஐயாவின் குரல் கதையைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றபடியே, "அது நான்தான்" என்றாள்.

"எது?"

"அந்த அழுத மனுசி. பக்கத்துப் பங்கரில ஒரு வயசு போன ஆள் கிடந்தவர். இவர்தான் அவர். அவருக்கு நாள் தெரியுமாம், இஞ்சாருங்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சபைக்குப் போனாள். இதென்ன கண்டறியாத சபை, ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவோம் என்று பின்னாலேயே போனேன். அங்கே யாரோ என்னை 'மனேச்சர்' என்று கூப்பிட்டு, கதிரை எடுத்துப் போட்டு, ஐயாயிரத்து ஐந்நூறு நாளைக் கூட்டிப் பார்க்க வேண்டும், லீப் வருஷம் இடிக்கிறது என்றார்கள். கணக்குத் தெரிந்தவனுக்கு இந்தக் காலத்தில் எங்கே மரியாதை கிடைக்கிறது? எனக்கு உலகம் அழிகிற இடத்தில் கிடைத்தது. இருந்துவிட்டேன். தான்தான் அந்தத் தாய் என்று என் மனைவி சபையில் மூச்சுவிடவில்லை. ஐயா நாளைச் சொன்னால் போதும் என்று பின் வரிசையில் இருந்தாள்.

ஐயாவின் ஞாபகத்தில் அது தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. கூட்டிப் பார்த்தேன், முடிவு மாசி நடுவில் வந்தது. அந்த நாள் எல்லோரும் வெள்ளை உடுத்துக்கொண்டு விடியவே மண்டபத்துக்கு வந்தோம். மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு அம்மா வீட்டில் இருந்த உடுப்பெல்லாம் தோய்த்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள். "அழியிற உலகத்துக்கு என்னத்துக்கு உடுப்பு?" என்று கேட்டால், "அழுக்குத் துணியோட போக முடியுங்களா?" என்றாள். நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லாதவன். முடிவுக்கு மறுநாள் என் வயலுக்கு வெட்டு மெசின் வரச்சொல்லியிருந்தேன். நெல் முற்றிவிட்டது, மெசின்காரனிடம் வேறு நாள் இல்லை. விசாரித்துப் பார்த்தபோது எங்கள் சபையில் வயல் வைத்திருந்த அத்தனை பேரும் முடிவுக்குப் பிந்திய நாளில்தான் மெசின் பேசியிருந்தார்கள்.

மத்தியானம் போனது. பின்னேரமும் போனது. நாலு மணிக்கு அந்த மலையக அம்மா எழும்பினாள். "மாடு கறக்கணுங்க, மடி கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு நுளம்பு வந்து கடிக்கத் தொடங்கியது. எங்கள் சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எந்தக் கூட்டத்தையும் முறையாக முடிக்காமல் அவருக்கு வீட்டுக்குப் போகத் தெரியாது. எழுந்து, வந்திருந்த எல்லோருக்கும், தேநீர் ஊற்றியவர்களுக்கும், கதிரை தந்துதவியவர்களுக்கும் நன்றியுரை சொன்னார்.

ஐயா அசையவில்லை. "முடிவு பிழைக்கேல்லை, பிள்ளையள். தொடக்கம்தான் பிழைச்சுப் போச்சு" என்றார். அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

வீட்டில் என் மனைவி சாப்பிடாமல் இருந்தாள். அந்தத் தை வெள்ளிக்கிழமையை அவள் தன் மனதுக்குள் பிள்ளையின் நாளாக எடுத்து வைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது. "அப்ப அது இல்லை" என்று மட்டும் சொன்னாள். உலகம் தப்பிவிட்டதற்காக அழுத ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது நாளைத் தந்தவர் ஓமந்தைப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு விரதக்காரர். அவரும் அதே கடற்கரையில் இருந்தவர். மாசி நடுவில் வந்த செவ்வாய்க்கிழமைதான், சத்தியம் பண்ணுவேன் என்றார். எப்படித் தெரியும்? "செவ்வாயில நான் விரதம். அண்டைக்குச் சாப்பிடேல்லை." அந்த நாட்களில் எங்களில் யார் சாப்பிட்டது? பட்டினி கிடந்த நாளெல்லாம் செவ்வாய்க்கிழமை என்றால், கடற்கரையில் இருந்த சனம் முழுக்க முருகனுக்கு விரதம் இருந்ததாகிவிடும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதிபர், "சாட்சி தெளிவாக இருக்கு, மனேச்சர், நீங்கள் கூட்டுங்கோ" என்றார். கூட்டினேன். பங்குனி பிறந்து சில நாளில் வந்தது. அன்று மழை பெய்தது. பாதிப்பேர்தான் வந்தார்கள். பொங்கல் அடிப்பிடித்தது. அதைத் தவிர வேறு அழிவு இல்லை.

அதற்குப் பிறகுதான் ஐயா அதைச் சொன்னார்: "அழுத தாயைத் தேடுங்கோ. நாள் அவவுக்குத் தெரியும்."

எங்கே போய்த் தேடுவது? அடுத்த வெள்ளிக்கிழமை அதிபர் மண்டபத்தில் எழுந்து நின்று, "அந்தக் கடற்கரையில பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தால் கையை உயர்த்துங்கோ" என்றார். வகுப்பில் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். ஒரு கை உயரும் என்று எதிர்பார்த்தார் போல. நாலு கைகள் உயர்ந்தன. பின் வரிசையில் என் மனைவியின் கை நாலாவது.

அதிபருக்கு முகம் செத்துப் போனது. ஆனாலும் முறையை விடவில்லை. எந்த இடம், பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஐயாவின் பங்கரடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் வள்ளம் இருந்ததாம். அதைச் சொன்னவள் என் மனைவிதான். மற்ற மூவரையும் இருக்கச் சொன்னார். மலையக அம்மா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். "எம்புள்ளைக்கும் நாளு தெரியாதுங்க. என்னையும் கேளுங்களேன்" என்றாள். அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார் அதிபர். அந்த நேரம் அவருடைய கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்திருக்க வேண்டும். நான் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சொன்னாள். முந்தின பறுவத்துக்கு, அதாவது முழு நிலவுக்கு, புளியமரத்தடியில் இருந்ததாகவும் பிள்ளை மடியில் இருந்து நிலவைக் காட்டினதாகவும் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு வெளிக்கிட்டு நாங்கள் தங்கின முதல் இடம் அந்தப் புளியமரத்தடி. அது எல்லோருக்கும் தெரியும். பிறகு கடற்கரை. மூன்று நாள் காய்ச்சல். பிள்ளை போனது காலமை. மத்தியானம் வரைக்கும் மடியில் வைத்திருந்து அழுததாகச் சொன்னாள். செல்லடி, குண்டு விழுந்துகொண்டே இருந்தது, ஒருவரும் வெளியே வரமுடியாது.

"பேந்து இவர் கிடங்கு வெட்டினவர்" என்று என்னைக் காட்டினாள். "வெட்டித் தாட்டு முடிய மம்மலாப் போச்சுது. பொழுது அங்கால விழ, கடல் பக்கத்தால நிலவு வந்தது. முழு நிலவு. ஒரு பக்கமும் தேயேல்லை."

நான் தலையைக் குனிந்து பஞ்சாங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதில் ஒன்று பொய். அது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். அன்று நான் அங்கே இல்லை. அதற்கு முந்தின இடத்தில் என் தண்ணீர் இறைக்கும் மெசினை மணலுக்குள் தாட்டுப் புதைத்து வைத்திருந்தேன். நல்ல மெசின். விட்டுவிட்டு வர மனமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், போகாதேங்கோ என்று அவள் சொன்னாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனேன். பாதை அடைபட்டு, மூன்றாம் நாள்தான் மெசினோடு வந்து சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. என்ன நடந்தது, யார் புதைத்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பக்கத்துப் பங்கர் ஆம்பிளைகள் உதவியிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், அந்தப் பயம். பதினைந்து வருஷம் ஒரே பாயில் படுத்தெழும்பியும் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. ஊருக்கு ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையை இப்போது அவள் சபை நடுவில் வைத்து எனக்காகச் சொன்னாள்.

முழு நிலவு என்றால் கணக்கு சுலபம். பொங்கலுக்குப் பிந்திய முதல் பறுவம் தைப்பூசம், புளியமரத்தடி. அடுத்தது மாசிப் பறுவம். அதுதான் நாள். இரண்டு நிமிஷ வேலை. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் பஞ்சாங்கம் எப்போதும் இருந்தது, அவளுக்கு நிலவு எப்போதும் தெரிந்திருந்தது. யாராவது ஒருவர் அவளிடம் கேட்டிருந்தால் போதும். கடைசியில் கேட்டவர்கள் உலகம் அழிகிற விசர்க் கூட்டம்தான்.

"மாசிப் பறுவம்" என்று அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச் சட்டை போட்டுப் பார்க்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அந்த வருஷத்து மாசிப் பறுவம் போய்விட்டது, அடுத்த வருஷம் செய்வோம் என்றேன். "ஓம், அவசரமில்லை" என்றாள்.

அதிலிருந்து ஐயாயிரத்து ஐந்நூறு நாளைக் கூட்டினால் பங்குனிக் கடைசிப் பக்கம் வந்தது. மூன்றாவது முடிவு. அன்று மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: இன்று உலகம் அழியாவிட்டால் இவர்கள் நாள் பிழை என்பார்கள். நாள் பிழை என்றால் இவளுடைய நாளும் போய்விடும். மணிக்கூட்டைப் பார்த்து, அழிந்து தொலையேன், ஒருக்காலாவது சொன்ன சொல் கேளேன் என்று மனதுக்குள் உலகத்தைத் திட்டினேன். கோதாரி உலகம் அழியவில்லை. பின்னேரம் ஐஸ்பழ வான்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டால் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். அதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். "சாட்சியை மீள்பரிசீலனை செய்ய வேண்டியிருக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மனம் குழம்பின நிலை. மாதம் மாறியிருக்கலாம். பங்குனிப் பறுவமாக எடுத்தால், முடிவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கு."

"அது அவ போன நாள் இல்லை" என்றாள் என் மனைவி, இருந்த இடத்தில் இருந்தே.

"அம்மா, கோவிக்காதேங்கோ. உங்கடை நாள் சரியெண்டால் உலகம் இப்ப இருக்கக்கூடாது."

"உலகம் அழியாததுக்கு நான் என்ன செய்ய? நாள் சரி."

அதிபர் என் பக்கம் திரும்பினார். "மனேச்சரும் அங்க நிண்டவர்தானே. கிடங்கு வெட்டினவர். நீங்கள் ஆம்பிளை, நிதானமா இருந்திருப்பியள். சொல்லுங்கோ, அது எந்த மாதத்து நிலவு?"

எழுந்து நின்றேன். மாசி நிலவுதான், நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுடைய நாள் நிற்கும். ஆனால் பார்க்காத நிலவுக்கு நான் சாட்சி. உண்மையைச் சொன்னால் அவள் பொய் சொன்னாள் என்று ஆகும். பின் வரிசையைப் பார்த்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லுங்கோ என்றும் இல்லை, சொல்லாதேங்கோ என்றும் இல்லை.

"நான் அங்க நிக்கேல்லை" என்றேன். "நான் மெசின் எடுக்கப் போனனான். மூண்டாம் நாள்தான் வந்தனான். நான் தாட்டனான் எண்டு ஊருக்குச் சொன்னது பொய். இவ என்ரை மானத்தைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவ. நிலவைப் பாத்தது இவதான். இவ சொல்லுறதுதான் நாள்."

அதிபர் பேனையைத் திறந்தார். "அப்ப சாட்சியில ஒரு பகுதி பொய். ஒண்டு பொய்யெண்டால் மிச்சத்தை எப்பிடி எடுக்கிறது?"

என் மனைவி எழும்பினாள். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"கிடங்கு இவர் வெட்டேல்லை. அது மட்டும்தான் பொய். நான்தான் வெட்டினனான். மண்வெட்டியை மெசின் கிண்ட எண்டு இவர் கொண்டுபோயிட்டார். சோத்துச்சட்டி மூடியாலதான் வெட்டினனான். மணல்தானே, வெட்ட வெட்டச் சரிஞ்சு விழும். மத்தியானம் அழுகையை விட்டிட்டு வெட்டத் தொடங்கினது, மண் போட்டு மூடி முடிய நிலவு வந்திட்டுது. அதாலதான் எனக்கு நிலவு தெரியும்."

மணல் தரையில் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு கிடங்கு. மண்வெட்டி இருந்தால் கால் மணித்தியாலம்கூட எடுக்காது. முதல் தடவை சபையில் அவள் மம்மல், பொழுதுபடுகிற நேரம் வரைக்கும் என்று சொன்னபோதே வயல் செய்கிற எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அந்த மண்வெட்டி என் தோளில் இருந்த பாரம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதிபர் பேனையை மூடினார். பேசினவர் ஐயாதான். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"தங்கச்சி, நான் பத்தடி தள்ளிக் கிடந்தனான். நீர் மூடியால மண் கிண்டுறீர். அது எனக்குக் கேக்கேல்லை." சுவரில் இருந்து கையை எடுத்தார். "பக்கத்தில கிண்டினது கேக்காத காதில என்ன குரல் கேட்டிருக்கும்? உம்மடை நாள் சரி. என்ரை குரல்தான் பிழை."

அன்று அதிபர் நன்றியுரையும் சொல்லவில்லை. ஐயா விளக்கைத் தணித்தார். அதற்குப் பிறகு சபை கூடவில்லை. ஐயா இன்னும் சந்தியில் ரியூப் ஒட்டுகிறார்.

மோட்டார்சைக்கிளில் நாங்கள் இருவரும் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில், வாய்க்கால் பாலத்தடியில் நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

"நான் வெட்டினனான் எண்டு அண்டைக்கு ஏன் சொன்னனீ? என்ரை மானம் என்ன பெரிய மானம்?"

"உங்கடை மானத்துக்கு ஆர் சொன்னது?" என்றாள். "ஒருக்கால் சொல்லிப் பாத்தன். சொல்லேக்கை எனக்கு நீங்களும் பக்கத்தில நிண்ட மாதிரி இருந்தது."